கேமரா ரப்பர் கிளம்புகிறதா? சூப்பர் குளூவை எடுக்காதீர்கள்

தைப்பூசம் முடிந்த கையோடு பழுதுக்கு வரும் பழைய டிஜிட்டல் கேமராக்களில் ஒரே குறை திரும்பத் திரும்பத் தென்படும். பின்பக்கம் கட்டைவிரல் பதியும் இடத்திலுள்ள ரப்பர் ஓரம் கிளம்பி, உதடு பிதுங்கியதுபோல் நிற்கும். மொரீஷியஸில் தைப்பூசம் வருவதே கோடையின் உச்சத்தில். விடிகாலையில் அலகு குத்துவதிலிருந்து காத்ர்போர்ன் மலைக்கோவில் படிகளில் கடைசிக் காவடி ஏறும்வரை கேமரா கையைவிட்டு இறங்காது. வியர்வை, சன்ஸ்கிரீன், கொசு விரட்டி, பால்குடத்திலிருந்து தெறிக்கும் பால் எல்லாம் அந்த ஒரு விரலடியில்தான் போய்ச் சேரும்.

ரப்பர் கிளம்பியது கண்ணில் பட்டதும் பெரும்பாலோர் செய்வது, சூப்பர் குளூவை ஒரு சொட்டு விட்டு அழுத்திவிடுவது. சின்ன வேலை பெரிய வேலையாவது அங்கேதான்.

முதலில் ரப்பர் ஏன் கிளம்புகிறது என்று பார்ப்போம். பிடியில் உள்ளது அச்சில் வார்த்த மெல்லிய செயற்கை ரப்பர். கேமரா உடலில் அதற்கென்று அளவாகப் பள்ளம் இருக்கும். அதே வடிவத்தில் வெட்டிய இரட்டைப்பக்க டேப்தான் இரண்டையும் பிடித்து வைத்திருக்கிறது. ‘டேப்பின் பசை போய்விட்டது’ என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல நேரம் பசை பாவம். தோலின் எண்ணெயையும் சன்ஸ்கிரீனையும் வருடக்கணக்கில் குடித்து ரப்பர் உப்பி, அகலமாகி, தன் பள்ளத்தைவிடப் பெரிதாகிவிடுகிறது. போக இடமில்லாமல் மேலே புடைக்கிறது. 2007-க்கும் 2010-க்கும் இடையில் வந்த நிக்கான் டி300, டி700, டி7000 வைத்திருப்பவர்களுக்குக் கட்டைவிரல் ரப்பரின் இந்தக் குணம் நன்றாகத் தெரியும்.

கொசு விரட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். டீட் என்ற மருந்து சேர்ந்த விரட்டிகள் சில பிளாஸ்டிக்குகளையும் செயற்கை ரப்பரையும் கரைக்கும். டெங்கு, சிக்குன்குனியா பயத்தில் அதைப் பூசாமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். பூசிய பிறகு உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கேமராவைத் தொடுங்கள். ஐகாரிடின் வகை விரட்டி பிளாஸ்டிக்கை இப்படித் தாக்குவதில்லை, அதற்கு மாறினாலும் சரி.

கிளம்பியிருக்கும் ரப்பர் வேறு, பிசுபிசுக்கும் உடல் வேறு. சில கேமராக்களில் மென்மையான தொடுகைக்காகப் பாலியூரிதேன் பூச்சு அடித்திருப்பார்கள். காற்றின் ஈரம் பட்டுப் பட்டு அது சிதைந்து பசையாகும். ஈரம் மிகுந்த மேட்டு நகரமான க்யூர்பீப் பக்கம் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைத்த கேமராக்கூட இப்படி ஆகலாம். அதற்கு டேப் உதவாது. ஆல்கஹாலால் அந்தப் பூச்சையே துடைத்து எடுத்துவிட வேண்டியதுதான். ரப்பர் வெளுத்தால் அது பூஞ்சையாகவும் இருக்கலாம், ரப்பருக்குள்ளிருந்து கலவைப் பொருள் வெளியே வந்து படிந்ததாகவும் இருக்கலாம். 2012-ல் கேனான் நிறுவனமே இதுபற்றி அறிவித்தது: அந்த ஆண்டு தயாரான 650டி கேமராக்களில் சிலவற்றின் ரப்பர் வேதிவினையால் வெளுக்கலாம், தோலில் ஒவ்வாமை வரலாம் என்று சொல்லி, இலவசமாக மாற்றிக் கொடுத்தது.

இனி சூப்பர் குளூ. அது காற்றின் ஈரத்தால் இறுகும் பசை. நம் ஊர் ஈரத்தில் இன்னும் வேகமாக இறுகும். இறுகும்போது எழும் ஆவி அக்கம்பக்கத்துப் பரப்பில் வெள்ளையாகப் படியும். கட்டைவிரல் ரப்பருக்கு ஒரு விரல்கடை தூரத்திலேயே வியூஃபைண்டர் கண்ணாடியும் திரையும் இருக்கின்றன. தண்ணீர்போல் ஓடும் பசை என்பதால் இடுக்கு வழியாகப் போய் டயலையும் பொத்தானையும் பூட்டிவிடும். காய்ந்தபின் கண்ணாடிபோல் விறைத்து, வளைகிற ரப்பரோடு ஒத்துப்போகாமல் சில மாதத்தில் விரிசல் விடும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, பல மாடல்களில் உடலைத் திறக்கும் திருகுகள் இந்த ரப்பருக்கு அடியில்தான் இருக்கின்றன. ஷட்டர் மாற்ற வேண்டிய நாளில் ரப்பரைக் கிழிக்காமல் எடுக்க முடியாது, திருகின் தலையிலும் பசை நிறைந்திருக்கும்.

வேண்டிய பொருள்கள் குறைவு. 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரட்டைப்பக்க டேப்: 3எம் 9495எல்இ (0.17 மி.மீ.) அல்லது டெசா 4965 (0.205 மி.மீ.). கைப்பேசி பழுதுபார்ப்பவர்களிடம் இந்த வகை டேப் இருக்கும். இரும்புச் சாமான் விற்கும் கேன்கயரிக் கடையில் கிடைக்கும் பஞ்சு டேப் வேண்டாம். அது ஒரு மில்லிமீட்டர் தடிப்பு, ரப்பர் பள்ளத்தைவிட்டு மேலே நிற்கும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். ஃபார்மசியில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர்தான், அது பொத்தான் இடுக்கில் தங்கும். இவற்றோடு பஞ்சுக் குச்சி, பல்குத்தும் குச்சி, கிட்டார் மீட்டும் பிளாஸ்டிக் வில்லை, புதிய பிளேடு, ஹேர் டிரையர். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் கேமராவின் பக்கமே வரக்கூடாது. பாலிகார்பனேட் உடலை அது கரைத்துவிடும்.

பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டு, லென்ஸைக் கழற்றி மூடி போடுங்கள். ரப்பர் இருக்கும் நிலையை ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அரை நிமிடம் காட்டுங்கள். விரல் வைத்தால் பொறுக்கிற சூடு போதும். மெக்னீசிய உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும், அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம். ஏற்கெனவே கிளம்பிய ஓரத்தில் பிளாஸ்டிக் வில்லையை நுழைத்து, ரப்பரை உடலோடு ஒட்டினாற்போல் மடக்கி மெதுவாக இழுங்கள். செங்குத்தாக இழுத்தால் ரப்பர் நீண்டுவிடும், பிறகு அது சுருங்காது. சில மாடல்களில் பின்னால் சிறு முளைகள் உடலின் துளைகளில் செருகியிருக்கும். எங்காவது பிடித்து இழுப்பதுபோல் பட்டால் நிறுத்தி மறுபடி சூடு காட்டுங்கள். கீழே தெரியும் திருகுகளைத் தொட வேண்டாம். ஃபிளாஷ் உள்ள கேமராவுக்குள் கபாசிட்டர் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேக்கி வைத்திருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும்.

உடலில் ஒட்டியிருக்கும் பழைய பசையை விரலால் உருட்டி உருட்டியே பெரும்பாலும் எடுத்துவிடலாம். மிச்சத்தைப் பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தோய்த்துத் துடைக்கவும், நேராக ஊற்றக்கூடாது. ரப்பரைத் தனியாக வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பால் இரு பக்கமும் தேய்த்துக் கழுவி ஓர் இரவு காயவிடுங்கள். அவசரப்படுகிறவர்கள் தாண்டிப்போகும் இடம் இதுதான். பின்பக்கத்தில் எண்ணெய் இருந்தால் எந்த டேப்பும் நிற்காது. காய்ந்தபின் பின்பக்கத்தை ஒருமுறை ஆல்கஹாலால் துடையுங்கள்.

இப்போது டேப் இல்லாமலே ரப்பரைப் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால் யோகம். டேப்பை ரப்பரின் பின்பக்கம் ஒட்டி, விளிம்போடு ஒட்டி பிளேடால் வெட்டி, முளைகள் வரும் இடத்தில் துளை விடுங்கள். டேப் விளிம்புவரை வர வேண்டும், வெளியே நீளக்கூடாது. நீண்டால் அழுக்குப் பிடிக்கும். முளை உள்ள பக்கத்தை முதலில் பொருத்தி, அங்கிருந்து வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டே போங்கள். மெல்லிய துணியைச் சுற்றி அதன்மேல் ரப்பர் பேண்ட் போட்டு இரவு முழுக்க விடலாம். இவ்வகை டேப் முழுப் பலம் பெற 72 மணி நேரம் ஆகும். குளிரில் அது சரியாகப் பற்றாது. ஜூலையில் மேட்டுப் பகுதியில் இருப்பவர்கள் ஒட்டுவதற்கு முன் இரு பரப்பையும் லேசாகச் சூடாக்கிக்கொள்வது நல்லது.

பள்ளத்தைவிட ரப்பர் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நின்றால் ஒட்டிப் பயனில்லை. கண்ணில் படாத நேர் ஓரத்தில், பின்பக்கத்திலிருந்து, ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் சீவலாம். ஆல்கஹாலில் ஊறவைத்தால் சுருங்கும், கொதிநீரில் போட்டால் சுருங்கும் என்பதெல்லாம் நிலைக்காது. அதைவிடப் புது ரப்பர் வாங்குவது மேல். மாடல் எண்ணோடு, முன்பிடியா, கட்டைவிரலா, கார்டுக் கதவா என்பதையும் குறிப்பிட்டு வாங்குங்கள். அடுத்தடுத்த மாடல்கள் ஒன்றுபோல் தெரிந்தாலும் ரப்பரின் வெட்டு மாறும். ரப்பரோடு டேப் ஒட்டியே வந்தாலும், வைத்துப் பார்க்காமல் மேல்தாளை உரிக்காதீர்கள்.

செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் நியோப்ரீன் பசை பிடிக்கத்தான் செய்யும். ஆனால் அதன் கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தின்னக்கூடும், பழுதுபார்ப்பவர் அதைச் சுரண்டி எடுக்கப் பாதி நாள் போகும். டேப் பற்றாத ஒரு மூலைக்கு மட்டும், கைப்பேசித் திரை ஒட்டப் பயன்படும் பி-7000 பசையைப் பல்குத்தும் குச்சி நுனியளவு தடவலாம்.

ஒட்டிய பிறகு ஒவ்வொரு படப்பிடிப்பும் முடிந்ததும் ஈரத்துணியால் பிடியைத் துடையுங்கள். ஃபிளிக் என் ஃபிளாக் கடற்கரையில் கல்யாணப் படம் எடுத்து வந்தால் கட்டாயம், உப்பு திருகைத் துருப்பிடிக்க வைக்கும். சானிடைசரை வைத்துத் துடைக்கும் பழக்கம் வேண்டாம், ரப்பர் விறைத்துப் போகும். கேமராவை 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் உலர்பெட்டியில் வைத்தால் பூஞ்சைத் தொல்லையும் குறையும்.

ஏற்கெனவே சூப்பர் குளூ போட்டிருந்தால் இழுத்துப் பார்க்காதீர்கள். பழுதுக்குக் கொடுக்கும்போதே எந்த இடத்தில் என்ன பசை போட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள். புது ரப்பரை முன்கூட்டியே வரவழைத்துவிட்டுத்தான் அவர்கள் பழையதில் கை வைப்பார்கள்.