கர்ட்டோசிஸ் என்னும் தட்டை அளவை

கர்ட்டோசிஸ்: புள்ளியியல் கலைச்சொல். பாடநூல் தமிழில் தட்டை அளவை. ஒரு தரவுத் தொகுப்பில் சராசரியை விட்டு வெகுதூரம் போய் நிற்கும் மதிப்புகளுக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லும் அளவை.

இப்படி ஒரு அளவை எதற்கு? தரவு எந்த இடத்தில் மையம் கொண்டிருக்கிறது என்பதைச் சராசரி சொல்லிவிடுகிறது. எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதற்குத் திட்ட விலக்கம் உண்டு (இலங்கைப் பாடநூல்களில் நியம விலகல்). எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கோட்டம் சொல்கிறது. ஆனால் இந்த மூன்றும் ஒன்றாகவே இருக்கும் இரண்டு தொகுப்புகள் குணத்தில் வேறுபட்டிருக்கலாம். எல்லா மதிப்புகளும் ஆளுக்குக் கொஞ்சம் விலகினாலும் ஒரு சிதறல் வரும். பெரும்பாலானவை மையத்தை விட்டு அசையாமல் ஒன்றிரண்டு மட்டும் எங்கோ ஓடிப்போனாலும் அதே சிதறல் வரும். திட்ட விலக்கத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிரித்துக் காட்டுவது தட்டை அளவை.

கணக்கில் பார்த்துவிடுவோம். பத்துப் பத்து மதிப்புகள் கொண்ட இரண்டு தொகுப்புகள்:

அ: 47, 48, 48, 49, 50, 50, 51, 52, 52, 53
ஆ: 46, 49, 49, 50, 50, 50, 50, 51, 51, 54

இரண்டுக்கும் சராசரி 50. ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் 50-ஐக் கழித்தால் விலக்கங்கள் கிடைக்கும். அவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டினால் இரண்டு தொகுப்புக்கும் 36. பத்தால் வகுக்க 3.6. ஆக, விலக்க வர்க்கச் சராசரி ஒன்றே, திட்ட விலக்கமும் ஒன்றே (ஏறத்தாழ 1.897). இரண்டு பக்கமும் சமச்சீராக இருப்பதால் கோட்டமும் இரண்டுக்கும் சுழியம்.

இப்போது அதே விலக்கங்களை நான்காம் அடுக்குக்கு உயர்த்துங்கள். அ தொகுப்பில் 81 + 16 + 16 + 1 + 0 + 0 + 1 + 16 + 16 + 81 = 228. ஆ தொகுப்பில் 256 + 1 + 1 + 0 + 0 + 0 + 0 + 1 + 1 + 256 = 516. பத்தால் வகுத்தால் 22.8, 51.6. இவைதான் நான்காம் விலக்கப் பெருக்குத்தொகைகள். ஒவ்வொன்றையும் விலக்க வர்க்கச் சராசரியின் வர்க்கத்தால், அதாவது 3.6 × 3.6 = 12.96-ஆல் வகுக்க வேண்டும். அ-வுக்கு 1.76, ஆ-வுக்கு 3.98. இந்த ஈவைத்தான் பீட்டா-2 என்று குறிப்பார்கள்.

ஆ தொகுப்பின் 516-ஐ உற்றுப் பாருங்கள். அதில் 512, இரண்டே இரண்டு மதிப்புகளிலிருந்து வந்தது: 46, 54. மீதி எட்டு மதிப்புகளும் சேர்ந்து கொடுத்தது வெறும் 4. நான்காம் அடுக்கின் வேலையே இதுதான். ஒரு மதிப்பு அரைத் திட்ட விலக்கத் தொலைவில் இருந்தால் அதன் பங்கு 0.0625, ஒரு திட்ட விலக்கத் தொலைவில் 1, மூன்றில் 81, நான்கில் 256. மையத்துக்கு அருகில் கூட்டம் எப்படி நின்றாலும் விடையில் பெரிதாக எதுவும் மாறாது. ஓரத்தில் நிற்பவைதான் விடையைத் தீர்மானிக்கின்றன.

விடைத்தாள்களில் இந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்றால், பெரும்பாலும் கடைசி வகுத்தலில். 51.6-ஐ 3.6-ஆல் வகுத்துவிட்டு 14.33 என்று எழுதுவார்கள். வர்க்கப்படுத்த மறந்த பிழை. இன்னொன்று, திட்ட விலக்கத்தை 1.9 என்று முழுமையாக்கிவிட்டு அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்துவது. 12.96 வரவேண்டிய இடத்தில் 13.03 வந்து, 3.98 என்பது 3.96 ஆகிவிடும். வர்க்கமூலம் எடுக்காமல் 3.6-ஐயே வர்க்கப்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. குறை எண்ணின் நான்காம் அடுக்கு மிகை எண்தான் என்பதையும் மறக்கக் கூடாது: −4-க்கும் 256, +4-க்கும் 256.

இந்த எண்ணுக்கு அலகு கிடையாது. தரவு சென்டிமீட்டரில் இருந்தாலும் அங்குலத்தில் இருந்தாலும், எல்லா மதிப்பிலும் 100 கூட்டினாலும், விடை அதேதான். 1-க்குக் கீழே போகவும் போகாது. ஒவ்வொரு விலக்கத்தையும் திட்ட விலக்கத்தால் வகுத்து வர்க்கப்படுத்துங்கள். அந்த வர்க்கங்களின் சராசரி எப்போதும் 1. தட்டை அளவை என்பது அந்த வர்க்கங்களின் விலக்க வர்க்கச் சராசரியோடு 1-ஐக் கூட்டியது. விலக்க வர்க்கச் சராசரி குறை எண்ணாக இருக்க முடியாது, எனவே மிகச் சிறிய விடை 1. நாணயத்தைச் சுண்டி பூவுக்கு 0, தலைக்கு 1 என்று எழுதினால் சரியாக அந்த 1 கிடைக்கும், இரண்டு மதிப்புகளும் மையத்திலிருந்து சமத் தொலைவில் இருப்பதால்.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். கிரேக்கத்தில் 'கிர்ட்டோஸ்' என்றால் வளைந்த, புடைத்த, கூன் விழுந்த என்று பொருள். அதிலிருந்து 'கர்ட்டோசிஸ்' என்ற புள்ளியியல் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன், 1905-இல். மூன்று கிளைச்சொற்களையும் அவரே தந்தார். 'லெப்டோ' என்றால் மெலிந்த. லெப்டோகர்ட்டிக் வளைவுக்கு (வளைவு என்பது தரவின் பரவலை வரைந்தால் வரும் கோடு) பீட்டா-2 மூன்றுக்கு மேல். 'பிளாட்டி' என்றால் அகன்ற, தட்டையான. பிளாட்டிகர்ட்டிக் என்றால் மூன்றுக்குக் கீழ். 'மீசோ' என்றால் நடு. மீசோகர்ட்டிக், அதாவது மூன்றை ஒட்டியது. தமிழில் இவற்றைக் கூர்வளைவு, தட்டை வளைவு, இடைநிலை வளைவு எனலாம்.

அந்த மூன்று எங்கிருந்து வந்தது? மணி வடிவ வளைவு கொண்ட இயல்நிலைப் பரவலின் தட்டை அளவை சரியாக 3. அதை அளவுகோலாக வைத்துத்தான் மற்றவற்றை ஒப்பிடுகிறோம்.

வளைவின் வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைத்ததில்தான் சிக்கல் தொடங்கியது. தட்டை அளவை அதிகமென்றால் முகடு கூர்மை, குறைவென்றால் முகடு தட்டை என்ற விளக்கம் பாடநூல் பாடநூலாகத் தொடர்ந்தது. இது தவறு. 1927-இலேயே 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் கோசெட் கவனத்தை வாலுக்கு, அதாவது வளைவின் ஓரங்களுக்குத் திருப்பினார். தட்டை வளைவுக்குக் குட்டை வால் கொண்ட பிளாட்டிபஸையும், கூர்வளைவுக்கு நீண்ட வால் கொண்ட கங்காருக்களையும் படமாக வரைந்து காட்டினார். (நினைவில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது.) 1945-இல் கணிதவியலாளர் இர்விங் கப்லான்ஸ்கி, முகட்டின் உயரத்துக்கும் இந்த எண்ணுக்கும் கட்டாயத் தொடர்பு இல்லை என்று எடுத்துக்காட்டுகளோடு நிறுவினார். 2014-இல் பீட்டர் வெஸ்ட்ஃபால், முகட்டு விளக்கத்துக்கு இரங்கல் குறிப்பு போலவே ஒரு கட்டுரைத் தலைப்பு வைத்தார்.

நாமே சோதித்துக்கொள்ளலாம். −2, −1, 0, 1, 2 ஆகிய ஐந்து எண்களும் தலா 200 முறை வரும் தொகுப்பை எடுங்கள். நிகழ்வெண் செவ்வகப் படம் வரைந்தால் மேசைபோல் சமமாக இருக்கும். தட்டை அளவை 1.7. இதோடு −20, +20 இரண்டையும் ஒவ்வொரு முறை மட்டும் சேருங்கள். மொத்தம் 1002 மதிப்புகள். வர்க்கங்களின் கூட்டல் 2800, நான்காம் அடுக்குகளின் கூட்டல் 3,26,800. தட்டை அளவை ஏறத்தாழ 41.8! மேசையின் மேற்பரப்பு அப்படியே தட்டையாகத்தான் இருக்கிறது. மறுபக்கம், சமச்சீரான முக்கோணப் பரவலுக்கு ஊசிபோல முனை உண்டு, ஆனால் அதன் தட்டை அளவை 2.4, மூன்றுக்கும் கீழே.

தமிழ்ச் சொல்லுக்கு இதில் கூடுதல் நெருடல். கிரேக்கச் சொல் புடைப்பைச் சொல்ல, நம் சொல் அதன் எதிர்ப்பக்கமான தட்டையைப் பிடித்துக்கொண்டது. பெயரை நம்பிப் படிப்பவர் 'தட்டை அளவை அதிகம்' என்றால் வளைவு மிகவும் தட்டை என்றுதான் எடுத்துக்கொள்வார். மரபு விளக்கத்தின்படியே பார்த்தாலும் அது தலைகீழ். கோட்டம் என்ற சொல்லில் இந்தக் குறை இல்லை. கோடுதல் என்றாலே ஒருபக்கம் சாய்தல், எனவே சொல்லைக் கேட்டதும் பொருள் விளங்கிவிடுகிறது. கர்ட்டோசிஸுக்குக் குவிவு என்று வைக்கலாமென்றால், குவி ஆடி, குவி வில்லை என்று இயற்பியல் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. கூர்மை என்றால் மறுபடியும் முகட்டுக்கே போய்விடுகிறோம். 'வால்கனம்' பொருளுக்கு மிக நெருக்கமான சொல். ஆனால் பாடத்திட்டத்தில் இல்லை. தேர்வில் தட்டை அளவை என்றே எழுதுங்கள், விளக்கம் கேட்டால் வாலைப் பற்றி எழுதுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை.

பழகிய பரவல்கள் சிலவற்றின் மதிப்பு தெரிந்திருந்தால் வரும் விடையை எடைபோட முடியும். சீரான தொடர் பரவலுக்கு 1.8. ஒற்றைப் பகடையின் ஆறு முகங்களுக்கு 1.73. லாஜிஸ்டிக் பரவலுக்கு 4.2, லாப்லாஸ் பரவலுக்கு 6, அடுக்குக்குறிப் பரவலுக்கு 9. ஏறத்தாழச் சம அளவில், நன்றாக விலகி நிற்கும் இரண்டு குழுக்களைக் கலந்து ஒரே தொகுப்பாக்கினால் படத்தில் இரண்டு திமில்கள் வரும். அப்போது விடை பெரும்பாலும் 1-க்கும் 2-க்கும் இடையில் நிற்கும். அவ்வளவு சிறிய எண் வந்தால் தட்டை என்று எழுதி முடிக்காமல், குழுக்கள் கலந்திருக்கின்றனவா என்று படத்தைப் பார்ப்பது நல்லது.

கணினியில் போட்டால் வேறு விடை வருகிறதே என்ற குழப்பம் அடிக்கடி எழும். காரணம் இரண்டு. இயல்நிலைப் பரவலுக்குச் சுழியம் வரட்டும் என்று பீட்டா-2-இலிருந்து 3-ஐக் கழித்துச் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு; அதற்கு மிகை தட்டை அளவை என்று பெயர். இரண்டாவது, மாதிரி சிறியதாக இருக்கும்போது விடை ஒருபக்கமாகத் தவறும் போக்கைச் சரிசெய்யும் திருத்தக் காரணி. எக்செல்லின் கர்ட் (KURT) சார்பு இரண்டையும் செய்கிறது. நம் ஆ தொகுப்பைக் கையால் போட்டால் 3.98 − 3 = 0.98, எக்செல் 2.70 என்று சொல்லும். அ தொகுப்புக்குக் கையால் −1.24, எக்செல்லில் −1.23. இரண்டுமே பிழையில்லை, சூத்திரம் வேறு. நான்குக்கும் குறைவான மதிப்புகள் கொடுத்தாலோ எல்லா மதிப்பும் ஒன்றாக இருந்தாலோ எக்செல் வகுத்தல் பிழை காட்டும். பைத்தானின் சைப்பை நூலகம் முன்னிருப்பாக 3-ஐக் கழித்துவிடும், மேட்லேப் கழிக்காது. ஆகவே எண்ணை எழுதும்போது கழித்ததா கழிக்காததா என்று ஒரு சொல் சேர்த்து எழுத வேண்டும்.

சிறிய மாதிரியில் இந்த அளவையை நம்புவது கடினம். பத்து மதிப்புகள் மட்டும் இருந்தால், எவ்வளவு கொடூரமான ஒதுங்கிய மதிப்பு இருந்தாலும் பீட்டா-2 அதிகபட்சம் 8.11-ஐத் தாண்டாது, பொதுவாக, மதிப்புகளின் எண்ணிக்கை 'எ' என்றால் உச்சவரம்பு எ − 2 + 1/(எ − 1). அ தொகுப்பில் ஒரு 50-ஐத் தவறிப்போய் 500 என்று தட்டச்சு செய்து பாருங்கள், 1.76 ஒரேயடியாக 8.11-ஐ ஒட்டிப் போய் நிற்கும். உச்சவரம்பை உரசும் விடை வந்தால் முதலில் தேட வேண்டியது தட்டச்சுப் பிழையை. பெரிய மாதிரிகளுக்கு, தரவு இயல்நிலைப் பரவலிலிருந்து வந்ததென்றால், விடையின் திட்டப் பிழை (மாதிரிக்கு மாதிரி விடை எவ்வளவு மாறும் என்பதன் அளவு) தோராயமாக √(24/எ). நூறு மதிப்புகளுக்கு அது 0.49, அதாவது மிகை தட்டை அளவை −1 முதல் +1 வரை எங்கே வந்தாலும் அதை வைத்துப் பெரிதாக எதையும் முடிவு செய்ய இயலாது.

சில பாடங்களில் நூற்றுமான முறையும் உண்டு: கால்மான விலக்கத்தை (75-ஆம், 25-ஆம் நூற்றுமானங்களின் வேறுபாட்டில் பாதி), 90-ஆம் நூற்றுமானத்துக்கும் (தரவில் 90 சதவீதம் அதற்குக் கீழே இருக்கும் மதிப்பு) 10-ஆம் நூற்றுமானத்துக்கும் உள்ள வேறுபாட்டால் வகுப்பது. இயல்நிலைப் பரவலுக்கு விடை 0.263. போடுவதற்கு எளிது. ஆனால் இரண்டு ஓரத்திலும் பத்து பத்து சதவீதத் தரவை இது பார்ப்பதே இல்லை. நம் 1002 மதிப்புகள் கொண்ட தொகுப்பில் கால்மான விலக்கம் 1, நூற்றுமான வேறுபாடு 4, விடை 0.25. அந்த −20, +20 இரண்டையும் நீக்கினாலும் 0.25-தான். பீட்டா-2 மட்டும் 41.8-இலிருந்து 1.7-க்கு விழும்.

நடைமுறையில் இந்த எண் அன்றாடம் பயன்படும் இடம் இயந்திரப் பராமரிப்பு. சுழலும் இயந்திரத்தின் பேரிங் நல்ல நிலையில் இருக்கும்போது அதிர்வுப் பதிவின் தட்டை அளவை 3-ஐ ஒட்டியே இருக்கும். உருளும் பரப்பில் சிறு வெடிப்பு விழுந்தால், குண்டு அதன் மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் பதிவில் ஒரு குத்து விழும். சராசரி அதிர்வு இன்னும் கூடியிருக்காது, ஆனால் நான்காம் அடுக்கு அந்தக் குத்துகளைப் பெருக்கி எண்ணை 3-க்கு மேலே ஏற்றிவிடும். சேதம் பரப்பு முழுக்கப் பரவியபின் குத்துகள் ஒன்றோடொன்று கலந்து பொதுவான இரைச்சலாகிவிடுவதால் எண் மறுபடியும் 3-ஐ நோக்கி இறங்கும். அதனால்தான் பராமரிப்பாளர்கள் இதை மட்டும் பார்க்காமல் மொத்த அதிர்வின் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.