கார் லக்கேஜ் இல்லை, ஐயா

"அண்ணே, ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். வண்டியும் உள்ளதான் இருக்கு."

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, சென்னை தம்புச் செட்டித் தெருவில் என் ஆபீஸ் படியேறிக்கொண்டிருந்தபோது வந்த போன் இது. பேசியவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பதினெட்டு வருஷம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு, குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். வீட்டுச் சாமான்கள் நாற்பதடிக் கண்டெய்னரில் வருகின்றன, சுங்கத்தில் கிளியர் செய்து கொடுங்கள் என்றுதான் என்னிடம் வந்தார். கப்பல் சென்னைக்கு வந்து இரண்டு நாள் ஆன பிறகு சொல்கிறார், அந்தச் சாமான்களுக்குப் பின்னால் ஒரு பிராடோ கார் நிற்கிறதாம். ஐந்து வருஷத்துக்கு முந்தைய வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம்.

அங்கே பேக்கிங் செய்து கொடுத்த கம்பெனிக்காரர்கள் பில் ஆஃப் லேடிங் என்கிற கப்பல் சரக்குச் சீட்டில் 'உபயோகித்த வீட்டுச் சாமான்கள்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். "எல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ்ல வந்துரும், ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்தவங்களுக்கு கார் ஃப்ரீ" என்று, ஊர் திரும்புகிறவர்களின் சாமானுக்கான சுங்கச் சலுகையைச் சொல்லித் தைரியமும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பணம் வாங்கியாயிற்று, கப்பல் ஏற்றியாயிற்று. அவர்கள் வேலை முடிந்தது, என் தலைவலி ஆரம்பித்தது.

இருபது வருஷத்துக்கு மேலாகக் கிளியரிங் ஏஜென்டாக இருக்கிறேன். இந்த வருஷத்தில் மட்டும் இது நான்காவது பிராடோ, அல்லது பிராடோ மாதிரி ஒன்று. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் கோபமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 'ஃப்ரீ' கதை. சுங்கச் சட்டம் 1962, பிரிவு 2(3). 'பேகேஜ்' என்றால் என்ன என்று சொல்கிற இடம் அது. தனியாக அனுப்பிவைக்கும் சாமானும் அதில் சேரும், ஆனால் மோட்டார் வாகனங்கள் சேராது என்று அங்கே எழுதியிருக்கிறது. விதிவிலக்குப் பட்டியலிலோ அடிக்குறிப்பிலோ இல்லை, அர்த்தம் சொல்கிற வரியிலேயே இருக்கிறது. நீங்கள் இரண்டு வருஷம் இருந்திருந்தாலும் சரி, முப்பது வருஷம் இருந்திருந்தாலும் சரி, ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் லக்கேஜ் ஆகலாம். கார் ஆகாது. பைக்கும் ஆகாது. "என் சொந்த வண்டி சார், விக்கிறதுக்கா கொண்டு வர்றேன்?" என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்தான். சொந்த வண்டிக்கும் இது இறக்குமதிதான், அதன் விதிகள் வேறு.

அப்படியென்றால் இந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது? பழைய இறக்குமதிக் கொள்கைகளில் ஒரு பிரிவு நெடுங்காலம் இருந்தது. இரண்டு வருஷம் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புகிறவர், ஒரு வருஷமாவது தன் கையில் வைத்திருந்த காரை லைசென்ஸ் வாங்காமலே கொண்டுவரலாம் என்று அது சொன்னது. அதே வாக்கியத்தில் 'முழுச் சுங்கவரி செலுத்தி' என்றும் இருந்தது. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்கள். 'லைசென்ஸ் வேண்டாம்' என்பது அபுதாபி லேபர் கேம்ப் தொடங்கி அம்மாபேட்டை டீக்கடை வரை பயணம் செய்து 'வரி வேண்டாம்' ஆகிவிட்டது.

அனுமதி வேறு, வரி வேறு. வண்டி உள்ளே வரலாமா என்று முடிவு செய்வது டி.ஜி.எஃப்.டி. என்கிற வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தின் கொள்கை. எவ்வளவு கட்ட வேண்டும் என்பது சுங்கத்துறை. "எவ்வளவு ஆனாலும் கட்டிடறேன் சார், வண்டியை விடச் சொல்லுங்க" என்று தஞ்சாவூர்க்காரர் சொன்னார். அனுமதியே இல்லாத வண்டிக்கு எந்த வரியைக் கட்டுவது?

சரி, அனுமதி எப்போது உண்டு? இங்கேதான் அடுத்த குழப்பம். புது வண்டி, பழைய வண்டி என்று சட்டம் பிரிப்பது கிலோமீட்டரை வைத்து இல்லை. விற்கப்படாமல், வாடகைக்கோ இரவலுக்கோ விடப்படாமல், எந்த நாட்டிலும் பதிவு செய்யப்படாமல் இருந்தால்தான் அது புது வண்டி. துபாயில் ஷோரூமிலிருந்து எடுத்து, நம்பர் பிளேட் போட்டு, மறுநாளே கப்பலில் ஏற்றினாலும் இங்கே அது செகண்ட் ஹேண்ட். "முந்நூறு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, சீட் கவர்கூடப் பிரிக்கலை" என்பது எந்தக் கணக்கிலும் வராது. பதிவே செய்யாமல் கொண்டு வந்துவிடலாமே என்று யோசிக்கிறீர்களா? புது வண்டி, தயாரான நாட்டிலிருந்து வர வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. ஜப்பானில் செய்த வண்டியை துபாய் ஷோரூமில் வாங்கி அனுப்பினால் அங்கேயே இடிக்கும்.

பழைய வண்டிக்கு நிபந்தனைகள் இன்னும் இறுக்கம். தயாரித்த தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலது பக்கம். ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில். முகப்பு விளக்கு இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றது. இந்த விளக்கு விஷயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வளைகுடா வண்டியின் விளக்கு வலது ஓரத்துக்கு வெளிச்சம் அடிக்கும்படி செய்தது. இங்கே ஓட்டினால் அது எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். அப்புறம், இறக்குமதியான நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருஷம் சாலையில் ஓடத் தகுதி உள்ளது என்று கப்பல் ஏற்றும் முன்பே அந்த நாட்டில் சோதித்து வாங்கிய சான்றிதழ் வேண்டும். இங்கே வந்ததும், சுங்கத்திலிருந்து விடுவிக்கும் முன், புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்தில் மறுபடி சோதனை. இதற்கெல்லாம் மேலே, பழைய வண்டி மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று புது வண்டிக்கு இருக்கும் பட்டியலைப் பார்த்துவிட்டு, பழைய வண்டியைச் சென்னைக்கு புக் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்மவர் செய்ததும் அதுதான்.

மூன்று வருஷக் கணக்கில் ஒரு சின்ன எச்சரிக்கை. 'மாடல்' வருஷத்தை நம்பாதீர்கள். 2024 மாடல் என்று விற்ற வண்டி 2023 நடுவிலேயே தொழிற்சாலையை விட்டு வெளியே வந்திருக்கும். சேசிஸ் எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் வருஷத்தைத்தான் சொல்லும், தயாரித்த மாதத்தை அது சொல்லாது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் பல வண்டிகளில் மாதமும் வருஷமும் இருக்கும். இல்லையென்றால் கம்பெனியிடம் எழுதி வாங்குங்கள். கப்பல் வந்து சேர ஆகும் வாரங்களையும் சேர்த்து எண்ணுங்கள். இருபது நாள் வித்தியாசத்தில் மூன்று வருஷம் தாண்டிய ஒரு வண்டியை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதரின் முகத்தை மறக்க முடியாது.

இடது ஸ்டியரிங்குக்கு ஒரு வக்கீல் வாதமும் அடிக்கடி வரும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 120, குறிப்பிட்ட சிக்னல் கருவி பொருத்தினால் இடது ஸ்டியரிங் வண்டியை ஓட்டலாம் என்கிறதே என்பார்கள். உண்மைதான். அது சாலையில் ஓட்டுவதற்கான சட்டம். துறைமுகக் கதவைத் திறக்க அது உதவாது.

இப்போது வரி. நிபந்தனை எல்லாம் சரியாக இருக்கிற வண்டிக்கே கணக்கு இப்படி. 2025 பட்ஜெட்டில் பெயர்களை மாற்றி அடுக்கினார்கள்: பழைய காருக்கு அடிப்படை வரி 70 சதவீதம், வேளாண் உள்கட்டமைப்பு வரி 67.5 சதவீதம். கூட்டினால் 137.5. முன்பு 125 சதவீதமும் அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சர்சார்ஜும் இருந்தபோது வந்த அதே எண்தான். அதன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. என்கிற, இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி., பெரிய கார் என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். நூறு ரூபாய் வண்டிக்கு முதல் வரி 137.50. மொத்தம் 237.50 ஆகிறதா? அதற்கு 40 சதவீதம் 95 ரூபாய். ஆக, நூறு ரூபாய் வண்டி சுங்கத்தைத் தாண்டும்போது 332 ரூபாய் 50 காசு. ஊருக்கு வந்து பதிவு செய்யப் போனால் தமிழ்நாட்டு ஆயுள் வரி. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு அது 20 சதவீதம், பழையதற்கு வயதைப் பொறுத்துக் கொஞ்சம் குறையும். அதையும் சுங்கவரி சேர்த்த விலைக்குத்தான் கணக்கிடுவார்கள்.

அந்த நூறு ரூபாயையும் நீங்கள் முடிவு செய்ய முடியாது. நண்பரிடம் மலிவாக வாங்கினேன், இதோ பில் என்று நீட்டினால் அதிகாரி பார்க்க மாட்டார். அந்த வண்டி தயாரானபோது கம்பெனி வெளியிட்ட பட்டியல் விலையை எடுத்து, அதிலிருந்து தேய்மானம் கழிப்பார்கள். முதல் வருஷம் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் 4 சதவீதம், இரண்டாம் வருஷம் 3, மூன்றாம் வருஷம் 2.5. அதற்கு மேல் கப்பல் கூலி, இன்சூரன்ஸ். குறைத்துக் காட்டிய பில்லைத் தயவுசெய்து என்னிடம் கொண்டு வராதீர்கள். என் லைசென்ஸும் போகும்.

குறுக்கு வழி கேட்டு வருகிறவர்களும் உண்டு. 2013 மார்ச்சில் சென்னையில் இறக்குமதிச் சொகுசு கார்களுக்காக சி.பி.ஐ. வீடு வீடாகப் போனது பலருக்கு நினைவிருக்கும். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' நடத்தி, பூட்டான் வழியாகக் கடத்தி வந்ததாகச் சொல்லப்படும் வண்டிகளைப் பிடித்தது. அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒருவர் எனக்கு போன் செய்து, "பூட்டான் ரூட் இன்னும் ஓடுதா சார்?" என்று கேட்டார். வைத்துவிட்டேன்.

கார்னே என்கிற தற்காலிக அனுமதிப் புத்தகத்தில் வண்டி கொண்டு வரலாமே என்பார்கள் சிலர். சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு அது நல்ல ஏற்பாடு. ஆறு மாதம் ஓட்டலாம், பிறகு வண்டி வெளியே போயாக வேண்டும். குடியேற வருகிறவருக்கு அது வழியில்லை.

தஞ்சாவூர்க்காரர் விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்ன முதல் வேலை, வண்டி உள்ளே இருப்பதை நாமாகவே எழுதிக் கொடுப்பது. கதவைத் திறந்து அவர்கள் கண்டுபிடித்தால் அது மறைத்துக் கொண்டு வந்ததாகிவிடும், பறிமுதலும் அபராதமும் வேறு உயரத்துக்குப் போகும். தயங்கினார், அவர் மனைவிதான் "எழுதிக் கொடுங்கண்ணே" என்றார். வீட்டுச் சாமானும் காரும் ஒரே பில் ஆஃப் லேடிங்கில் இருந்ததால் பாத்திர பண்டங்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டன. கண்டெய்னருக்குக் கப்பல் கம்பெனியின் தினவாடகை டாலரில் ஓடியது, யார்டு வாடகை தனியாக. விசாரணை முடிந்து, சாமான்களைப் பிரித்து எடுத்து, அபராதம் கட்டி, வண்டியைத் திருப்பி அனுப்ப உத்தரவு வாங்கினோம். அதுவே நல்ல முடிவு. முப்பது நாளில் எடுக்காத சரக்கை நோட்டீஸ் கொடுத்து ஏலம் விடவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். சிங்கப்பூரோ ஷார்ஜாவோ, பேக்கிங் கம்பெனிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், இங்கே சுங்க உரிமம் உள்ள ஒரு ஏஜென்டிடம் பேசுங்கள். என்னிடம்தான் என்றில்லை. கதவுத் தூண் தகடு, பதிவுச் சான்று, ஸ்டியரிங் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, இந்த மூன்றை அனுப்பினால் பத்து நிமிஷத்தில் பதில் சொல்லிவிடுவோம். பத்தில் ஒன்பது பேருக்கு என் பதில், அங்கேயே விற்றுவிட்டு வாருங்கள் என்பதாகத்தான் இருக்கும். அந்த வண்டியில்தான் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தேன் என்று சொல்வீர்கள். புரிகிறது. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிராடோ துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்துக்குப் போய் அங்கே விலை போனது. அவர் தஞ்சாவூரில் உள்ளூர் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார். இன்னமும் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டு ஸ்டியரிங்கைத் தேடுகிறார் என்று அவர் மனைவி சொல்லிச் சிரித்தார்.