அடிகாயமும் சட்ட வைத்தியப் படிவமும்: வழக்கு எங்கே பலவீனமாகிறது?

அடிபட்டு வருபவருக்குச் சிகிச்சைதான் முதல். பொலிஸ் படிவம் வரவில்லை என்று அதை நிறுத்தி வைக்கக்கூடாது. 'எம்.எல்.ஈ.எஃப்' என்று வார்டில் சொல்லும் அந்தச் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தில் பொலிஸார் தங்கள் பகுதியை நிரப்பித் தருவார்கள். மிச்சத்தை வைத்தியர் எழுதுவார். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் என்றால் சட்ட வைத்திய அதிகாரி இருப்பார். சிறிய வைத்தியசாலையில் கடமையிலிருக்கும் வைத்தியரே எழுத வேண்டிவரும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைக் கோவையின் 122ஆம் பிரிவுப்படி, பரிசோதிக்கப்படுபவரின் சம்மதம் வேண்டும். அவர் மறுத்தால் பொலிஸார் நீதவானிடம் போகவேண்டும்.

வழக்கின் கனத்தைத் தீர்மானிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவு. எலும்பு, குருத்தெலும்பு, பல் வெட்டுப்படுவதோ உடைவதோ, மூட்டு விலகுவதோ பாரதூரமான காயம். முகத்தில் நிரந்தர அவலட்சணம், பார்வை அல்லது செவிப்புலன் நிரந்தரமாகக் குறைதல், உயிருக்கு ஆபத்து ஆகியவையும் அப்படியே. எக்ஸ்ரேயில் மயிரளவு வெடிப்புத் தெரிந்தாலும் அது முறிவுதான். முன்பல் ஒன்று உடைந்தாலும் போதும். ஆனால் கண் எவ்வளவு கறுத்து வீங்கினாலும், எலும்பு உடையாமல் பார்வையும் கெடாவிட்டால், அது பெரும்பாலும் சாதாரண காயமாகவே எழுதப்படும். பலருக்கு இது அநியாயமாகத்தான் தெரியும்.

பெரிய பிழை 'வெட்டு' என்ற சொல்லில். பொல்லால் உச்சந்தலையிலோ புருவத்திலோ அடித்தால், கீழே எலும்பு இருப்பதால் தோல் கத்தியால் கீறியதுபோலப் பிளக்கும். ஓரத்தில் கண்டலும் (தோல் கன்றிப்போன அடையாளம்) பிளவுக்குள் நார்போலப் பாலமிட்ட திசுவும் இருந்தால் அது மொட்டையான பொருளால் வந்த கிழிவு. தையல் போட்டுவிட்டால் இதைப் பார்க்கவே முடியாது. அதனால் நீளம், ஆழம், ஓரம், இடம் எல்லாம் தையலுக்கு முன்பே எழுதப்படவேண்டும். கிழிவை 'வெட்டு' என்று எழுதினால் சாதாரண காயம் விளைவித்தலைச் சொல்லும் 314ஆம் பிரிவில் முடியவேண்டிய விடயம், வெட்டும் ஆயுதத்தைச் சொல்லும் 315க்குப் போகக்கூடும். கத்திக்காயத்தைக் 'கிழிவு' என்றாலும் அதே கோளாறு, மறுபக்கமாக.

எக்ஸ்ரே வருமுன் 'சாதாரணம்' என்று குறித்துவிட்டுத் திருத்தாமல் விடுவதும் நடக்கும். 20 நாள் பாதிப்பு இருந்தால் பாரதூரமான காயம் என்னும் '20 நாள்' விதியையும் தவறாக எண்ணுவார்கள். வார்டில் இருந்த நாளுக்கு அங்கே கணக்கில்லை. கடும் வலியிலோ வழமையான வேலை செய்ய முடியாமலோ இருந்த நாட்கள்தான் கணக்கு. கண்டலின் நிறத்தை மட்டும் பார்த்து 'மூன்று நாள் பழசு' என்று எழுதுவதும் ஆபத்து.

சட்ட வைத்தியப் பரிசோதனை முடியுமுன் துண்டு வெட்டிக்கொண்டு (வைத்தியசாலையிலிருந்து விடுவித்துக்கொண்டு) வீட்டுக்குப் போகாதீர்கள். வலிக்கும் இடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்; பல் ஆடினால் அதையும். எக்ஸ்ரே, டயக்னோசிஸ் கார்டு (வீட்டுக்கு அனுப்பும்போது தரும் நோய் விபர அட்டை) பத்திரம். இரத்தம் பட்ட சட்டையைத் தோய்க்காமல், காயவைத்துக் கடதாசிப் பையில் போட்டுப் பொலிஸில் கொடுங்கள். ஷொப்பிங் பையில் கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.