விழா மேடைச் சத்தம் மூன்றாவது தெருவுக்கு எதற்கு?

கோயில் கொடை, ஆடித் திருவிழா, மெல்லிசைக் கச்சேரி என்று மைக்செட் போடும் வேலையில் இருப்பவன் நான், அதனால் இதை எங்கள் தொழில் பக்கம் இருந்தே சொல்கிறேன். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குத் தேவையான சத்தம் ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டத்தையும் தாண்டிப் போய் மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டுக்குள் விழுகிற சத்தமும் இருக்கிறது. அந்த இரண்டாவது சத்தம் யாருக்கும் பயன்படாது. அதில் பெரும்பகுதியை வெட்டிவிட்டாலும் கச்சேரி கேட்க வந்தவருக்கு எந்தக் குறையும் தெரியாது. இது புரிந்தால் "விழா வேணுமா, தூக்கம் வேணுமா" என்ற சண்டையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு ஆடி விழாவில் மாலையில் சவுண்ட் செக் ஓடிக்கொண்டிருக்கும்போது மேடைக்குப் பின்பக்கம் கடைசித் தெரு வரை நடந்து போய்ப் பார்த்தேன். அங்கே பாடுகிறவர் குரல் கேட்கவே இல்லை, என்ன பாட்டு என்றுகூடப் பிடிபடவில்லை, ஆனால் ஒரு வீட்டின் ஜன்னல் கண்ணாடி மட்டும் தாளத்துக்குத் தாளம் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா வாசலுக்கு வந்து, "பாட்டு கேட்டாலாவது பரவாயில்லப்பா, இது நெஞ்சுக்குள்ள இடிக்குது" என்றார்.

அவர் சொன்னதுதான் விஷயமே. நெஞ்சில் இடிக்கிற அந்தக் கனத்த அடித்தொனியைத்தான் பேஸ் என்கிறோம். 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அதிர்கிற பேஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அதற்குக் காம்பவுண்டு சுவரும் ஓட்டுக் கூரையும் ஒரு தடையே இல்லை, வளைந்து போய்விடும். அதோடு நாம் அளக்கிற மீட்டரிலும் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமாக அளப்பது டெசிபல் ஏ கணக்கில், அதாவது காது கேட்கிற விதத்துக்கு ஏற்றபடி, அது 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 30 டெசிபல் கழித்துவிட்டுத்தான் காட்டும். மீட்டரில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், உள்ளே கட்டில் அதிரும். அதனால் பேஸைப் பார்க்க, அதை அவ்வளவு கழிக்காத டெசிபல் சி கணக்கிலும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

அன்றைக்கு நாங்கள் செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. மூன்று பேஸ் பெட்டிகளில் நடுவில் இருந்ததைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி, அதன் போலாரிட்டியை மாற்றி (மற்றவை முன்னே தள்ளும்போது இது பின்னே இழுக்கும்படி), சில மில்லி செகண்டு டிலே, அதாவது தாமதம் கொடுத்தோம். இப்படி வைத்தால் முன்னால் சத்தம் சேரும், பின்னால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு 10 டெசிபலுக்கு மேல் குறையும். மேடைக்குப் பின்னால் இருந்த தெருவில் கண்ணாடி ஆடுவது நின்றது. முன்வரிசைப் பையன்கள் வழக்கம்போல "அண்ணே, பேஸ் ஏத்துங்க" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், அது எந்த விழாவிலும் நிற்காது.

அடுத்தது ஸ்பீக்கர் வைக்கும் முறை. மேடை ஓரத்தில் மலை மாதிரி பெட்டிகளை அடுக்கி, கடைசி வரிசைக்கும் அங்கிருந்தே அடிக்கப் பார்க்கிறோம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல்தான் குறையும். பெட்டியிலிருந்து 10 மீட்டரில் 100 டெசிபல் என்றால் 200 மீட்டர் தள்ளியுள்ள வீட்டு வாசலில் 74 இருக்கும். குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் சொல்வது பகலில் 55, இரவில் 45. மேடை ஓரத்தில் மலையாக அடுக்குவதற்குப் பதிலாகக் கூட்டத்துக்கு நடுவே சின்னப் பெட்டிகளை இடைவெளி விட்டுக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள், ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்ற கணக்கில் 34 மீட்டர் தள்ளி இருக்கும் பெட்டிக்கு 100 மில்லி செகண்டு டிலே போடுங்கள், எல்லோருக்கும் பாட்டு தெளிவாகக் கேட்கும், மேடையில் அவ்வளவு அடிக்க வேண்டிய அவசியமே வராது. மின்கம்பம் தோறும் கூம்பு ஸ்பீக்கர் கட்டுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். காது அதிகமாக உணர்கிற அலைவரிசையில்தான் அது கத்துகிறது, கச்சேரி நடக்காத தெருவில் அதற்கு வேலையும் இல்லை. போலீஸ் அனுமதியிலேயே பெரும்பாலும் அது கூடாது என்றுதான் நிபந்தனை இருக்கும்.

இரவு ஆக ஆக இன்னொன்று நடக்கும். பொழுது சாய்ந்ததும் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிடக் குளிர்ச்சியாகிவிடும். அப்போது மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே இறங்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பலகையில் யாரும் கை வைக்காமலே ஒன்பதரை மணிக்குத் தூரத்து வீட்டில் சத்தம் கூடுவது இதனால்தான். மிக்சரில் உட்கார்ந்திருப்பவருக்கோ இரண்டு மணி நேரத்தில் காது மரத்துப்போய், சத்தம் குறைந்த மாதிரி தோன்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவார். காதை நம்பாமல் பக்கத்தில் ஒரு மீட்டரை வைத்து, எட்டரைக்கு மேல் இரண்டு மூன்று டெசிபல் இறக்குவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றி விழாக் குழுவினர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது நிறைய. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மார்கழி அதிகாலைப் பாட்டுக்கும் இதே விதிதான். பண்டிகைகளுக்கு 12 மணி வரை தளர்வு உண்டு, ஆனால் அதை அறிவிக்க வேண்டியது மாநில அரசு, அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் போகாது. "75 டெசிபல் வரைக்கும் போகலாம் சார்" என்று அடித்துச் சொல்வார்கள். விதியைச் சரியாகப் படியுங்கள், அந்தப் பகுதியின் அளவோடு 10 சேர்த்தது அல்லது 75, இதில் எது குறைவோ அதுதான் விழா நடக்கும் இடத்தின் எல்லையில் இருக்க வேண்டிய அளவு. குடியிருப்புப் பகுதியில் பகலில் அது 65. ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதி என்று மாநில அரசு அறிவித்திருந்தால், அங்கே கணக்கு இன்னும் கீழே.

பங்குனி விழாக்கள் பொதுத்தேர்வு நேரத்தில் வருவதையும் குழுவில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையின் ப்ளஸ் டூ பரீட்சைக்கு முந்தின இரவு திரும்ப வராது.

பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, ராத்திரி பதினோரு மணிக்கு மேடைக்கு வந்து சண்டை போடுவதைவிட, கொடியேறுவதற்கு முன்னாலேயே குழுவினரைப் பாருங்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஆபரேஷன் ஆன பெரியவர் படுத்திருக்கிறார் என்று சொன்னால் ஸ்பீக்கரைத் திருப்பி வைக்க மாட்டேன் என்று சொல்கிற குழுவை நான் அதிகம் பார்த்ததில்லை. அதையும் மீறினால் 112க்குக் கூப்பிடுங்கள், அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

குழுவினருக்கும் ஒன்று சொல்கிறேன். விழா நோட்டீஸில் நன்கொடையாளர் பெயர்களுக்குக் கீழே, மிக்சர் பக்கத்திலேயே உட்காரப்போகும் ஒருவரின் போன் நம்பரைப் போடுங்கள், சத்தம் அதிகமானால் அழைக்க என்று. எங்கள் பையன்களிடம் நான் சொல்லி வைத்திருப்பது, போன் வந்தால் முதலில் பேஸை இறக்கு, எந்த வீடு என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.