சேர்த்துக்கொண்டவர்களை மட்டும் வைத்து நுழைவுத் தேர்வை எடைபோடாதீர்கள்

முதுநிலை, ஆராய்ச்சிப் பட்டப் படிப்புகளின் சேர்க்கை அளவுகோல்களைப் புள்ளியியல் முறையில் சரிபார்த்துக் கொடுப்பது என் பணி. சேர்க்கைப் பருவம் முடிந்ததும் ஏதேனும் ஒரு துறையிலிருந்து அதே அட்டவணை வந்துவிடும்: பயிலும் மாணவர்களின் ஜிஆர்இ (முதுநிலைச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு) மதிப்பெண் ஒரு பக்கம், முதலாண்டுத் தரப்புள்ளி மறுபக்கம், அடியில் இரண்டுக்கும் உள்ள தொடர்பின் வலுவைக் காட்டும் எண்ணாக, பூச்சியத்தை ஒட்டிய ஓர் ஒட்டுறவுக் கெழு, அதற்குக் கீழே “நுழைவுத் தேர்வால் பயனில்லை” என்ற தீர்மானம். இந்த ஆண்டும் வந்தது. தனித்தனியே பதில் எழுத இனித் தெம்பில்லை.

அந்த அட்டவணையில் இருப்பவர்கள் யார்? அதே மதிப்பெண்ணைப் பார்த்து நீங்களே பொறுக்கி எடுத்தவர்கள். 130 முதல் 170 வரை நீளும் அளவுகோலில் அவர்கள் அனைவரும் மேல்முனையில் சில புள்ளிகளுக்குள் நெருக்கியடித்து நிற்கிறார்கள்; தேர்வின் அளவீட்டுப் பிழையே ஏறத்தாழ இரண்டு புள்ளி. தரப்புள்ளியோ, பெரும்பாலான முதுநிலை வகுப்புகளில் ஏ, பி என்னும் இரண்டு எழுத்துகளைத் தாண்டுவதில்லை. இரு பக்கமும் இப்படிச் சுருங்கிக் கிடக்கையில் தொடர்பு எங்கிருந்து தெரியும்? சலித்தெடுத்த மணலைக் காட்டி, இதில்தான் கல்லே இல்லையே, சல்லடை எதற்கு என்று கேட்பதைப் போன்றது இது. போதாக்குறைக்கு, குறைந்த மதிப்பெண்ணோடு உள்ளே வந்தவர் சும்மா வரவில்லை; ஆய்வு அனுபவமோ வலுவான பரிந்துரைக் கடிதமோ அவரைத் தூக்கிவிட்டிருக்கிறது. அவர் நன்றாகப் படிப்பதற்கு மதிப்பெண் பொருளற்றது என்பது காரணமன்று. உங்கள் குழு விண்ணப்பத்தைக் கவனமாகப் படித்ததே காரணம். அதே மதிப்பெண்ணோடு, கைகொடுக்க வேறெதுவும் இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எப்படிப் படித்திருப்பார்கள் என்பது அட்டவணையில் இல்லை, இருக்கவும் முடியாது.

முப்பது பேர் கொண்ட ஒரு வகுப்பில் கெழு 0.30 என்று வந்தால், அதன் 95 விழுக்காடு நம்பக இடைவெளி, அதாவது உண்மையான கெழு இருக்கக்கூடிய வீச்சு, –0.07 முதல் 0.60 வரை விரிகிறது. இதை வைத்து எந்தத் தீர்மானமும் நிறைவேற்றலாம்.

2001-இல் குன்செல், ஹெஸ்லெட், ஓன்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 82,659 மாணவர்களின் தரவுகளைத் தொகுத்து, நான் மேலே சொன்னபடி மதிப்பெண் வீச்சு சுருங்கிக் கிடப்பதையும் தரப்புள்ளியின் நம்பகக் குறைவையும் திருத்திக் கணக்கிட்டார்கள். முதுநிலைத் தரப்புள்ளியோடு ஜிஆர்இ மொழிப் பகுதிக்கு 0.34, கணிதப் பகுதிக்கு 0.32, துறைசார் பாடத் தேர்வுக்கு 0.41, இளநிலைத் தரப்புள்ளிக்கு 0.30. பூச்சியம் எங்கே, இது எங்கே!

இதைப் படித்ததும் கட்-ஆஃப் போடக் கிளம்பிவிடுபவர்களுக்கும் ஒரு சொல். 0.34-ஐ வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 12 விழுக்காடு; தரப்புள்ளி வேறுபாட்டில் மதிப்பெண்ணோடு தொடர்புடைய பங்கு அவ்வளவுதான். எஞ்சியதெல்லாம் வழிகாட்டி, உதவித்தொகை, உடல்நிலை, விடாமுயற்சி என வேறு எங்கோ கிடக்கிறது. ஒற்றைப் புள்ளி வித்தியாசத்தில் ஒருவரை வெளியே நிறுத்தாதீர்கள். கட்-ஆஃப் மதிப்பெண்ணையே முடிவாகக் கொள்ளாதீர்கள் என்று தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே சொல்லிவருகிறது. மேலும், எதை வெற்றி என்கிறீர்கள்? வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் உயிரி மருத்துவ ஆராய்ச்சி மாணவர்களைப் பற்றி 2017-இல் வெளியான ஆய்வில், ஜிஆர்இ மதிப்பெண் முதற்பருவத் தரப்புள்ளியை ஓரளவு முன்னுணர்த்தியது; பட்டத்தை முடிப்பார்களா, எத்தனை கட்டுரை வெளியிடுவார்கள் என்பவற்றை முன்னுணர்த்தவில்லை. (அவர்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களே என்பதை மறந்துவிட வேண்டாம்.) வகுப்பில் விடை எழுதும் திறனும், ஐந்தாறு ஆண்டுகள் தோல்வியடையும் சோதனைகளோடு மல்லுக்கட்டும் திறனும் ஒன்றல்ல.

ஆகவே, கணக்கைத் தொடங்குமுன் வெற்றி என்பதற்கு எழுத்தில் ஒரு வரையறை வையுங்கள். பல ஆண்டுத் தரவுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது “இவரைப் பற்றி எழுதுக” என்று விட்டுவிடாமல், எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். புகழுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட எந்தச் சூத்திரமும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: நிராகரித்த விண்ணப்பங்களின் மதிப்பெண்களைப் பெயரை நீக்கிவிட்டுப் பாதுகாத்து வையுங்கள். விண்ணப்பித்தோர் அனைவரின் மதிப்பெண் பரவல் கையில் இருந்தால்தான் மதிப்பெண் வீச்சு சுருங்கியதால் வரும் பிழையைத் திருத்த முடியும். பருவம் முடிந்த மறுநாளே கோப்பை அழித்துவிட்டு, அடுத்த ஆண்டு என்னிடம் அட்டவணையை நீட்டாதீர்கள்.