படப்புத்தகம் வேறு, படக்கதை வேறு

ஏற்காட்டு மலைப் பள்ளிகளுக்குப் படப்புத்தகம் தேர்வு செய்யச் சொல்லி வந்த தாளில் இந்த முறையும் ‘சிறுவர் படக்கதைகள்’ என்றே தலைப்பு. மதிப்பெண் போடும் வரிசை கதை, நீதி, மொழிநடை. கடைசியில் ஓர் ஓரமாகப் படம்.

படம் என்றால் முதலில் துணி. பேகன் மயிலுக்குக் கொடுத்த ‘படாஅம்’ இதன் உறவுதான். துணியில் தீட்டிய சித்திரத்துக்கும் அந்தப் பெயரே ஆகி, பிறகு தாள், திரை என எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டது. புத்தகம் வடசொல், பொத்தகம் என்று எழுதுவோர் எழுதட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை.

சண்டை படக்கதையோடுதான். தமிழில் படக்கதை, சித்திரக்கதை என்றால் கட்டம் கட்டமாக, பேச்சுக் குமிழோடு வருவது. 1972இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய முத்து காமிக்ஸைப் படித்தவர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள். படப்புத்தகத்தில் பாதிக் கதையைப் படம்தான் சொல்லும். ‘தாத்தா கூடை நிறையக் காப்பிப் பழம் பறித்தார்’ என்று எழுத்து சொல்கிறது. படத்திலோ அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு குரங்கு கூடையைக் காலி செய்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்குத்தான் முதலில் சிரிப்பு வரும். குரங்கையும் எழுத்திலேயே சொல்லிவிட்டால் அந்தப் பக்கம் செத்துப்போகும். தரம் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கதையை மட்டும் வாசித்து மார்க் போட்டால் இது எப்படிக் கண்ணில் படும்?

சிலர் ‘ஓவிய நூல்’ என்கிறார்கள். கேட்க அழகுதான். ஆனால் அது ஓவியக் கலையைக் கற்பிக்கும் நூல். மணிமேகலை சொல்லும் ‘ஓவியச் செந்நூல்’ அந்த வகை. ‘படநூல்’ பரவாயில்லை. படம் துணி, நூல் இழை என்று எங்கள் அம்மாப்பேட்டைத் தறிக்காரர்கள் வேண்டுமானால் ரசிப்பார்கள். ஆனால் எந்தக் குழந்தை ‘நூல் கொடு’ என்று கேட்கிறது? படப்புத்தகம் போதும்.

அப்புறம் இந்த மொழிபெயர்ப்புகள். நாலு சொல் இருந்த இடத்தில் நாலு வரி எழுதி, இடம் போதாமல் யானையின் நெற்றியிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் சிறந்த படப்புத்தகத்துக்கு 1938 முதல் தரும் கால்டெகாட் பதக்கம் ஓவியருக்குப் போகிறது. நம் தேர்வுத்தாளில் நூலாசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், விலை எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. ஓவியர் பெயருக்கு மட்டும் இல்லை. நான் விலைக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கட்டம் போட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன்.