போட்டி நீச்சலில் சேர்க்கலாமா? படிவத்தில் இல்லாத சில கேள்விகள்

ஒவ்வொரு ஜூன் மாதமும் என் கிளினிக்குக்கு ஒரு தனி ரகக் கூட்டம் வரும். காய்ச்சல் கிடையாது, சளி கிடையாது, பிள்ளை துள்ளிக்கொண்டு நிற்கும். அம்மா கையில் ஒரு படிவம் இருக்கும். கோடை விடுமுறையில் பக்கத்து நீச்சல் குளத்தில் சம்மர் கேம்ப் சேர்த்திருப்பார்கள். கடைசி நாளில் கோச், "பையன் நல்லா பிக்கப் பண்றான் மேடம், காம்படிஷன் பேட்ச்ல போடுங்க" என்று சொல்லியிருப்பார். அதற்கு மருத்துவத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். "ஒரு சைன்தான் டாக்டர், வேற ஒண்ணுமில்ல."

எட்டு, ஒன்பது வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு உடம்பில் எந்தத் தடையும் இருக்காது. சைன் போடுவது சுலபம். ஆனால் அந்தப் படிவம் பிள்ளையின் உடம்பைப் பற்றி மட்டும்தான் கேட்கிறது. எத்தனை மணிக்குத் தூங்குகிறான், பள்ளி வேன் எத்தனை மணிக்கு வருகிறது, குளத்துக்கு யார் கூட்டிப் போவது என்று ஒரு கட்டம்கூட அதில் இல்லை. போட்டி நீச்சலில் சேர்ந்த பிள்ளைகள் ஒன்றிரண்டு வருடத்தில் சோர்ந்துபோய் என் முன்னால் உட்காருவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த இல்லாத கட்டங்கள்தான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிரித்துவிடுகிறேன். நீச்சல் கற்றுக்கொள்வது வேறு, போட்டிக்கு நீந்துவது வேறு. கிணறு, ஏரி, குவாரிக் குட்டை, கடல் எல்லாம் உள்ள நம் ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் நீச்சல் தெரிய வேண்டும். அதில் விவாதமே இல்லை. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றி.

சரி, உடம்பிலிருந்தே தொடங்குவோம். காதில் சீழ் வடியும் பிள்ளை, செவிப்பறையில் ஓட்டை உள்ள பிள்ளை காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். வீசிங் இருப்பது தடையே இல்லை. கட்டுப்பாட்டில் இருந்தால் தாராளமாக நீந்தலாம்; ஆனால் மூடிய அரங்கக் குளத்தில் குளோரின் நெடி கண்ணை எரித்தால் அந்தக் காற்று மூச்சுக்குழாய்க்கு ஆகாது, திறந்தவெளிக் குளம் நல்லது. வலிப்பு வந்த பிள்ளை என்றால் நரம்பியல் மருத்துவர் சொல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இதயம் பற்றி நான் கேட்கும் கேள்விகளுக்குத்தான் பெற்றோர் நிமிர்ந்து உட்காருவார்கள். ஓடும்போதோ நீந்தும்போதோ பிள்ளை எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா? குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென இறந்தவர்கள் உண்டா? நன்றாக நீச்சல் தெரிந்த யாராவது காரணமே தெரியாமல் தண்ணீரில் மூழ்கிப் போனார்களா? இந்த மூன்றாவது கேள்வி விசித்திரமாகப் படும். இதயத்தின் மின்னோட்டத்தில் பரம்பரையாக வரும் ஒரு கோளாறு இருக்கிறது, 'லாங் க்யூடி' என்று பெயர். அதில் ஒரு வகைக்கு நீச்சலே தூண்டுதலாக அமைந்து, இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். கிராமத்தில் "அந்தக் கிணறு காவு வாங்கிடுச்சு" என்று சொல்லி முடித்துவிட்ட சில மரணங்களுக்குப் பின்னால் இது இருந்திருக்கக்கூடும். மூன்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் ஈசிஜி எடுத்து இதய மருத்துவரிடம் அனுப்புவேன். ஈசிஜி சரியாக இருந்தாலும் அனுப்புவேன். அரிதான நோய்தான், ஆனால் கேட்பதற்குக் காசா, பணமா?

பெண் பிள்ளைகள் பூப்படைந்த பிறகு ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் சுமார் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. "டைமிங் குறையவே மாட்டேங்குது" என்று கோச் திட்டிக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் தேவை கூடுதல் பயிற்சி அல்ல, இரும்புச் சத்தாக இருக்கலாம்.

இப்போது தூக்கத்துக்கு வருவோம். பல குளங்களில் காம்படிஷன் பேட்ச் காலை ஐந்தரை மணிக்கு. அப்படியென்றால் நாலரைக்கு எழ வேண்டும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 வயதுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரம். பத்து வயதுப் பையன் நாலரைக்கு எழுந்து ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும் என்றால் மாலை ஏழரைக்குப் படுக்க வேண்டும். நம் வீடுகளில் ஏழரைக்கு யார் விளக்கை அணைக்கிறார்கள்? டியூஷன் முடிந்து வரவே எட்டு ஆகிறது. அப்பா வந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடித்துப் படுக்கும்போது மணி பத்து. கணக்குப் போட்டால் ஆறரை மணி நேரம்தான். ஒரு நாள் இல்லை, வாரத்தில் ஐந்தாறு நாள்.

இந்தப் பற்றாக்குறை மெதுவாகத்தான் வெளியே தெரியும். அடிக்கடி சளி பிடிக்கும். வகுப்பில் கண் சொக்கும். ஒன்றுமில்லாததற்கு அழுகை வரும். ஒரு பையனை வயிற்று வலி என்று கூட்டி வந்தார்கள். ஸ்கேன், ரத்தம், எல்லாம் சரி. வலி எப்போது வருகிறது என்று தேதி போட்டு எழுதிவரச் சொன்னேன். பயிற்சி இல்லாத நாளில் வலியே இல்லை! அவன் நடிக்கவில்லை, வலி உண்மையானதுதான். காலை பேட்சை நிறுத்தி மாலை பேட்சில் வாரம் மூன்று நாள் என்று மாற்றிய பிறகு வலி போனது. நீச்சலை அவன் விடவில்லை.

"நீச்சல் அடிச்சா உயரமா வளருவான்ல டாக்டர்?" என்று கேட்காத அப்பா குறைவு. வளர மாட்டான். உயரமும் நீண்ட கைகளும் உள்ளவர்கள் நீச்சலில் ஜெயிக்கிறார்கள். அதைப் பார்த்து நாம் தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். உயரத்துக்காக என்று சொல்லி அந்தத் தூக்கத்தையே குறைத்துக்கொண்டிருப்போம்.

பயிற்சியின் அளவையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 25 மீட்டர் குளத்தில் ஒரு நீளத்தைக் கடக்கப் பத்து வயதுப் பிள்ளை சுமார் 20 முறை கை வீசும். ஒரு நாளைக்கு 2 கிலோமீட்டர் என்றால் 80 நீளம், 1600 கைவீச்சு. வாரம் ஐந்து நாளுக்கு 8000. தோள் வலி வராவிட்டால்தான் ஆச்சரியம். வாரப் பயிற்சி மணிகள் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது நான் பெற்றோருக்குச் சொல்லும் முதல் அளவு. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையில் இன்னும் சில இருக்கின்றன. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு வேண்டும். வருடத்தில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு. ஒரே விளையாட்டில் மட்டும் இறங்குவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடுவது நல்லது என்றும் சொல்கிறது. நீச்சல் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்குப் பாரம் ஏறுவதில்லை. ஓடுவது, குதிப்பது கூடவே இருந்தால்தான் எலும்பு வலுப்படும். தெருவில் கபடி ஆடினாலும் சரி.

தோள் வலியை "பழகினா சரியாயிடும்" என்று சொல்லும் கோச்சிடம் விடாதீர்கள். கையில் 'பேடில்' என்ற பிளாஸ்டிக் தட்டை மாட்டி நீந்த வைத்த பிறகு வலி தொடங்கியதா என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் 'ஆமாம்' என்பார்கள்.

அதைவிட ஆபத்தான ஒரு வழக்கம் மூச்சடக்கும் போட்டி. தண்ணீருக்கடியில் யார் அதிக தூரம் போவது என்று பிள்ளைகள் தங்களுக்குள் பந்தயம் கட்டுவார்கள். இறங்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுப்பார்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பைத் தருவது அந்த வாயுதான். தவிப்பே வராமல் ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்கடியிலேயே நினைவு தப்பும். இடுப்பளவுத் தண்ணீரிலும் இது நடக்கும், நல்ல நீச்சல்காரருக்கும் நடக்கும். உங்கள் குளத்தில் இதை யாராவது தடுக்கிறார்களா என்று பாருங்கள்.

அடுத்தது மெடல். பத்து வயதில் மாவட்ட அளவில் தங்கம் வாங்கிய பிள்ளை பதினைந்தில் இறுதிச் சுற்றுக்கே வராமல் போவது சாதாரணம். வயதுப் பிரிவு பிறந்த ஆண்டை வைத்து அமைகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே லைனில் நிற்பார்கள். நடுவில் பதினொரு மாத வளர்ச்சி. அதோடு பருவ வளர்ச்சி சிலருக்கு முந்தும், சிலருக்குப் பிந்தும். பதினொரு வயதில் ஜெயிப்பது பல சமயம் முன்கூட்டியே வளர்ந்த உடம்பு. அதனால் சின்ன வயது மெடலை வைத்து வீட்டையே மாற்றி அமைக்காதீர்கள், சின்ன வயதுத் தோல்வியை வைத்து மூட்டை கட்டவும் செய்யாதீர்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் பெங்களூருவின் தினிதி தேசிங்கு 14 வயதில் நீந்தினார், உண்மைதான். நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர். அது நடந்தது 2021-இல், அவருடைய 27-வது வயதில்.

நடிகர் மாதவன் மகனைச் சொல்லிக்கொண்டு வருபவர்களும் உண்டு. வேதாந்தின் திறமையில் சந்தேகமில்லை. ஆனால் கொரோனா காலத்தில் பெரிய குளம் கிடைக்கவில்லை என்று குடும்பமே துபாய்க்கு இடம் மாறியது. நம்மால் சென்னையில் பெரிய நீச்சல் குளம் உள்ள வேளச்சேரிக்கு வீடு மாற முடியுமா என்று யோசித்தால் போதும். தாம்பரத்திலிருந்து தினமும் வண்டியில் வந்துபோகும் அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு முதுகு வலி.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கோபமாகவே எழுதுகிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அவர்கள் குளத்தை விட்டுப் போவதற்கு நான் கேட்கும் காரணங்கள்: "ரொம்ப கறுத்துப் போயிட்டா", "முடி கொட்டுது", "வயசுக்கு வந்துட்டா, இனிமே அந்த டிரஸ்ஸா?" இதில் எதுவும் மருத்துவக் காரணம் இல்லை. மாதவிடாய் நாளில் நீந்தலாம். டாம்பூன், கப் இருக்கிறது, வேண்டாமென்றால் அந்த இரண்டு நாள் கரையில் உடற்பயிற்சி செய்யலாம். முழங்கால்வரை மூடும் நீச்சலுடைகள் போட்டியிலேயே அனுமதிக்கப்பட்டவை. தானாக விட நினைக்கும் பெண் விடட்டும், அத்தையின் பேச்சுக்காக விட வேண்டாம்.

கோச்சைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி சொல்கிறேன். சொல்லாமல் ஒரு நாள் போய் ஒரு மணி நேரம் கரையில் உட்காருங்கள். பெற்றோர் உட்காரக் கூடாது என்றால் அங்கேயே யோசிக்க ஆரம்பியுங்கள். உயிர்காப்பாளர் தனியாக இருக்கிறாரா, கோச்சே இரண்டு வேலையும் பார்க்கிறாரா? உடை மாற்றும் அறைக்குள் பெரியவர்கள் சகஜமாகப் போய்வருகிறார்களா? தொட்டுத் திருத்தும்போது எல்லோர் கண்முன்னால் திருத்துகிறாரா? கடைசிப் பிள்ளை கரையேறும்போது அவர் என்ன சொல்கிறார்? அப்புறம் அவரிடமே கேளுங்கள்: உங்களிடம் பத்து வயதில் சேர்ந்தவர்களில் பதினாறு வயதிலும் நீந்துபவர்கள் எத்தனை பேர்? மெடல் படங்களைக் காட்டிப் பேச்சை மாற்றினால் அதுவே ஒரு பதில்.

இத்தனைக்குப் பிறகும் சேர்க்கலாம் என்று தோன்றினால் சேர்த்துவிடுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு சீசனுக்கு என்று பிள்ளையிடம் சொல்லிச் சேருங்கள். அடுத்த ஏப்ரலில் வீட்டில் உட்கார்ந்து மறுபடி பேச வேண்டும், கோச் இல்லாமல். பிள்ளையிடம் கேட்கும்போது "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் வரும். லீவு நாளில் குளத்துக்குப் போனால் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். ஓரமாக உட்கார்ந்து போனைப் பார்க்கிறதா, சொல்லாமலே குதிக்கிறதா என்று.

ஒன்பதாம் வகுப்பு முடியும்போது இந்தப் பேச்சு கட்டாயம் திரும்ப வரும். பத்தாம் வகுப்பு என்றதும் பல வீடுகளில் நீச்சலை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அவசியமில்லை. வாரம் ஆறு நாளை இரண்டு நாளாகக் குறைத்து, போட்டிகளை மட்டும் அந்த வருடம் விட்டுவிடலாம். பரீட்சை முடிந்து ஏப்ரலில் திரும்பிப் போகும் பிள்ளையின் டைமிங் முதல் சில வாரங்கள் மோசமாகத்தான் இருக்கும். அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் ஸ்டாப்வாட்சைப் பையிலேயே வைத்திருக்கும்படி கோச்சிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.